தோள்பட்டை இலக்கம்

சனி பிடித்தால் ஏழரை வருஷம் விடாது என்பார்கள். என் கணவரைச் சனி பிடித்தது, சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரிக்கப் போன வழியில். இதைப் பகிடியாகச் சொல்ல எனக்கு இப்போதுதான் வருகிறது. அப்போது யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் கையில் இருந்த அகப்பையை எறிந்திருப்பேன்.

எண்பதுகளின் கடைசி. கிழக்கு லண்டனில் ஒரு வீட்டின் கீழ்த்தட்டில் எங்களுக்கு இரண்டு அறை. அவருக்குப் பெட்ரோல் ஸ்டேஷனில் வேலை, காலை ஆறு மணி ஷிப்ட். ஊரில் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். அதனால் அவருடைய ஆங்கிலம் வாயால் கடிதம் எழுதுவது போல இருக்கும். பஸ்ஸில் காலை மிதித்தவனிடம்கூட 'தயவுகூர்ந்து' என்றுதான் தொடங்குவார். எங்கள் அகதி விண்ணப்பம் குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் ஏதோ ஒரு மாடியில் ஏதோ ஒரு மேசையில் கிடந்தது. அது கிடக்கும்வரை நாங்களும் கிடந்தோம். வேலைக்குப் போனோம், வந்தோம், கதவுக்குள்ளால் பழுப்புக் கடித உறை விழுந்தால் பயந்தோம்.

புரட்டாதிச் சனி அவர் விடாமல் பிடிக்கும் விரதம். காலையில் வெறும் தேத்தண்ணியோடு போவார். ஷிப்ட் முடிந்ததும் அங்கேயே முகம் கழுவி, வெள்ளைச் சேட்டு மாற்றி, நேரே கோயிலுக்குப் போவார். கறுப்புத் துணியில் கட்டின எள்ளுப் பொட்டலத்தை நல்லெண்ணெயில் தோய்த்து எரித்துக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, காகத்துக்கு வைத்த பிறகு ஒருநேரச் சோறு. லண்டன் காகங்களுக்கு இந்த ஏற்பாடு விளங்குவதில்லை. நான் மதிலில் வைக்கும் சோற்றைப் புறாக்கள்தான் வந்து தின்னும். அவசரத்துக்குப் பாவமில்லை, சனீஸ்வரன் அதையும் கணக்கில் எடுப்பார் என்று இவர் சமாதானம் சொல்வார்.

ஆகவே அந்தச் சனிக்கிழமை அவருடைய பையில் இருந்தவை ஒரு போத்தல் நல்லெண்ணெய், கறுப்புத் துணிப் பொட்டலங்கள் நாலைந்து, ஒரு தீப்பெட்டி. எல்லாவற்றையும் நான்தான் எடுத்து வைத்தேன். உடம்பில் எப்போதும் போகாத பெட்ரோல் மணம் வேறு. தெருக்கலவரங்களில் பெட்ரோல் போத்தல் எறிந்த கதைகள் பொலிஸ்காரர் எல்லாருக்கும் நினைவில் இருந்த காலம் அது. ஒரு கறுத்த மனிதனைக் குண்டு செய்கிறவன் என்று நினைக்க இதைவிட என்ன வேண்டும்? நிறுத்தியதை நான் இன்றைக்கும் பிழை சொல்லமாட்டேன். போத்தலைத் திறந்து மூக்கில் வைத்து மணந்து பார்த்திருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். அதை மணந்து பார்த்தது பின்னேரம் ஐந்து மணிக்கு.

இரண்டு பொலிஸ்காரர்கள். பையைப் பறித்தார்கள், கையைப் பிடித்தார்கள். இவர் காரணம் கேட்டிருக்கிறார். என்ன காரணத்துக்காக என்பதைத் தயவுகூர்ந்து அறியத் தரமுடியுமா என்று, தன் கச்சேரி ஆங்கிலத்தில். பதில் வரவில்லை. விடாமல் இன்னொருமுறை கேட்டிருக்கிறார். அவர்களில் உயரமானவன் அவருடைய கையை முதுகுப் பக்கம் முறுக்கிப் பொலிஸ் வானுக்குள் தள்ளினான். அவர் செய்த குற்றம் முழுக்க அவ்வளவுதான்.

எனக்குச் செய்தி கொண்டுவந்தவர் மூலைக்கடைக் குஜராத்திக்காரர். வானின் கதவு சாத்தப்படுவதை மட்டும் தான் கண்டதாகச் சொன்னார். கடையை வாடிக்கையாளரிடமே விட்டுவிட்டு ஓடி வந்திருந்த நல்ல மனிதர். அவர் போன பிறகு நான் அழவில்லை. சோறு கட்டினேன்.

ஊரில் ஆமி ஒருவரைக் கொண்டுபோனால் வீட்டுப் பெண்கள் முதலில் செய்வது அதுதான். முகாம் வாசலுக்குச் சாப்பாட்டுப் பார்சல் கொண்டு போவோம். பசிக்காக மட்டுமில்லை. பார்சலை வாங்கினால் ஆள் உள்ளே இருக்கிறான், உயிரோடு இருக்கிறான் என்று அர்த்தம். திருப்பித் தந்தால் என்ன அர்த்தம் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. என் அண்ணையை பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனபோது அம்மாவும் நானும் பதினொரு நாள் பார்சல் கொடுத்தோம். பதினொரு நாளும் வாங்கினார்கள். பன்னிரண்டாம் நாள் திருப்பித் தந்து, அப்படி ஒருவரும் இங்கே இல்லை, இருந்ததும் இல்லை என்றார்கள். அண்ணையை நாங்கள் பிறகு காணவே இல்லை.

லண்டன் பொலிஸ் நிலையத்தில் ஆமி முகாம் வழக்கம் எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கைக்கு அதெல்லாம் தெரியாது. அரை மணித்தியாலத்தில் சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல் எல்லாவற்றையும் ஈயத்தாளில் கட்டி, சுப்பர்மார்க்கெட் பையில் வைத்துக்கொண்டு நிலையத்துக்குப் போனேன். சுவர் மணிக்கூட்டில் இரண்டேகால்.

கவுண்டரில் நின்ற பொலிஸ்காரரிடம் கணவரின் பெயரைச் சொன்னேன். அவர் புத்தகத்தைப் பார்த்துவிட்டு அப்படி ஒருவரும் இங்கே இல்லை என்றார். பார்சலைக் காட்டினேன். வெளிச் சாப்பாடு எடுக்கமாட்டோம் என்று கையால் என் பக்கம் தள்ளிவிட்டார். மரியாதையாகத்தான் தள்ளினார்.

இரண்டுக்கும் சாதாரண விளக்கம் இருந்தது. நம் ஆட்களின் பெயரில் தகப்பன் பெயர் முன்னுக்கு வருவதால் உள்ளே அவரை மாமாவின் பெயரில் பதிந்திருந்தார்கள். சாப்பாடு வாங்காதது அவர்களுடைய விதி. இதெல்லாம் பிறகு தெரிந்தது. அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்ததெல்லாம் பன்னிரண்டாம் நாள்தான். அங்கே சுவரோடு இருந்த வாங்குப் பலகையில் போய் இருந்தேன்.

பிறகு எழுதத் தொடங்கினேன். அண்ணையின் நாட்களில் பிரஜைகள் குழுவில் இருந்த ஒரு வாத்தியார் முகாம் வாசலில் நிற்கும் பெண்களுக்குச் சொல்லித் தந்த பாடம் அது. அழுவதென்றால் வீட்டில் அழுங்கள், வாசலில் நிற்கும்போது எழுதுங்கள் என்பார். எத்தனை மணி, என்ன வாகனம், அதன் இலக்கம், யார் வந்தான், யார் போனான், எங்கள் பிள்ளை போட்டிருந்த உடுப்பு என்ன நிறம். கைப்பையில் காஸ் பில் வந்த உறை ஒன்று இருந்தது. அதன் முதுகில் எழுதினேன். 2.15, வந்தேன், இல்லை என்றான். லண்டன் பொலிஸ்காரரின் தோள்பட்டையில் எழுத்தும் இலக்கமும் வெள்ளி நிறத்தில் மினுங்கும். அந்த வாத்தியார் கண்டிருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார் என்று நினைத்தேன். எங்கள் ஆமிக்காரன் தன்னிடம் இலக்கம் இருப்பதையே காட்டமாட்டான். கவுண்டர்க்காரரின் இலக்கத்தை எழுதினேன். உள்ளே போனவன், வெளியே வந்தவன், ஒருவரையும் விடவில்லை.

இரண்டு நாற்பதுக்குக் கவுண்டர் பக்கத்துக் கதவை யாரோ அகலத் திறந்தார்கள். உள்ளே ஒரு நடை தெரிந்தது. நடையில் இரண்டு பேருக்கு நடுவில் என் கணவர் போய்க்கொண்டிருந்தார். வெள்ளைச் சேட்டு வெள்ளையாகவே இருந்தது. முகத்தில் ஒரு கீறல் இல்லை, திருநீறுகூட அப்படியே இருந்தது. என்னைக் கண்டார், பையைக் கண்டார்.

"பயப்பிடாதையும். வாறன்" என்றார்.

கதவு மூடிவிட்டது. நான் எழுதினேன். 2.40, கண்டேன், முகம் நல்லாய் இருக்கிறது, சேட்டு வெள்ளை, நடக்கிறார். இடப்பக்கம் போன உயரமானவனின் இலக்கத்தையும் எழுதினேன்.

அவர் வெளியே வந்தது ஐந்தரைக்கு. இடது கண் மூடிக் கிடந்தது. கீழுதடு பிளந்து தைத்திருந்தது. சேட்டில் இரத்தம் காய்ந்து துருப்போல இருந்தது. அடைத்து வைத்த அறைக்குள்ளும் அவர் மூன்றாம் முறை காரணம் கேட்டிருக்கிறார், என்ன செய்ய, கச்சேரிப் பழக்கம். அதற்கு உயரமானவன் கையால் பதில் சொல்லியிருக்கிறான். பிறகு யாரோ ஒரு சார்ஜன்ட் போத்தலைத் திறந்து மணந்து பார்த்து, இது சமையல் எண்ணெய் என்று சொல்லியிருக்கிறார். குண்டுக் கதை அங்கேயே முடிந்தது. ஆனால் ஒரு மனிதனின் முகத்தை உடைத்தாகிவிட்டது, அதற்கு ஒரு காரணம் வேண்டுமே. ஆகவே பொலிஸ்காரரைத் தாக்கினார் என்று குற்றம் எழுதினார்கள். நடைபாதையில் திமிறிச் சண்டை பிடித்து, தானே விழுந்து முகத்தில் அடிபட்டார் என்று எழுதினார்கள். போத்தல், பொட்டலம், தீப்பெட்டி எல்லாம் பத்திரமாகத் திருப்பித் தந்து கையெழுத்தும் வாங்கினார்கள். முகத்துக்கு மட்டும் ரசீது இல்லை.

வீட்டுக்கு வந்து அந்தப் பார்சலை அவிழ்த்து வாயின் ஒரு பக்கத்தால் சாப்பிட்டார். காகத்துக்கு வைத்தீரா என்று கேட்டார். அப்போதுதான் நான் அழுதேன்.

மறுநாள் ஃபாரஸ்ட் கேட் பகுதியிலிருந்து அவருடைய ஒன்றுவிட்ட அண்ணை வந்தார். எங்களை விமான நிலையத்தில் வந்து ஏற்றியவர், இந்த இரண்டு அறையையும் பிடித்துத் தந்தவர். அவருடைய ஆலோசனை, குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டத்தைக் கட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டு இருப்பது. பொறுத்தார் பூமி ஆள்வார் என்றார். பூமி ஆள வேண்டாம், குரோய்டனில் ஒரு முத்திரை குத்தினால் போதும், பொலிஸ்காரனை அடித்தவன் என்று பதிவானால் அந்த முத்திரையை யார் குத்துவார்கள் என்று நான் கேட்டேன். ஆகவே முதல் வழக்கில் எங்களுக்குத் துணிவு என்று ஒன்றும் தேவைப்படவில்லை. வேறு வழி இல்லாததால் போராடினோம்.

பக்கத்தில் பார்க்கிங் என்ற ஊரில் இலவசமாகச் சட்ட ஆலோசனை தரும் ஒரு இடத்தில் வெள்ளைக்கார சொலிசிற்றர் ஒருத்தி கிடைத்தாள். வயது முப்பது இருக்கும், எப்போதும் தடிமன் பிடித்து ஒழுகும் மூக்கு. காஸ் பில் உறையை மேசையில் விரித்து வைத்து ஒவ்வொரு வரியையும் என்னிடம் கேட்டு ஆங்கிலத்தில் எழுதினாள். எழுதி முடித்துவிட்டு, இப்படிக் குறிப்பெடுக்க எங்கே படித்தீர்கள் என்று கேட்டாள். ஊரில் எல்லாப் பெண்களுக்கும் தெரியும் என்றேன். பிறகு எனக்கு ஒன்றைச் சொல்லித் தந்தாள். இந்த நாட்டில் ஒருவரைப் பிடித்தால் ஏன் பிடிக்கிறோம் என்று அவருக்கே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்தப் பிடிப்பே சட்டப்படி செல்லாது. உங்கள் கணவர் கேட்டது மரியாதைக் குறைவு இல்லை, அவருக்குச் சேரவேண்டியது என்றாள். இவர் அதைக் கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

வழக்கு நாளில் உயரமானவன் சத்தியம் செய்துவிட்டு அழகாகப் பேசினான். நடைபாதையில் நடந்ததை விவரித்தான். நிலையத்தில் இவரை ஒப்படைத்துவிட்டு இரண்டு மணிக்கு முன்னமே தான் மறுபடி ரோந்துக்குப் போய்விட்டதாகவும், பின்னேரம்வரை அந்தக் கட்டடத்துக்குள் வரவில்லை என்றும் சொன்னான். அதைச் சொல்லும்போது எங்கள் சொலிசிற்றர் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஒரு வரி எழுதினாள்.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். மொழிபெயர்க்க வந்தவர் தமிழ்நாட்டுக்காரர். நான் 'ஓம்' என்றால் அவர் 'ஆமா' என்று தனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் ஆங்கிலத்துக்குப் போவார். அரசதரப்பு வழக்கறிஞர் மெல்லச் சிரித்துக்கொண்டு, கணவர்மேல் உங்களுக்கு அன்பு இருக்கும்தானே என்று கேட்டார். வேலிக்கு ஓணான் சாட்சி என்று எங்கள் ஊரில் சொல்வதை அவர் அப்படிச் சுற்றி வளைத்தார். சில நாட்களில் இருக்கும் என்றேன். நடுவில் இருந்த நீதவான் அம்மா குனிந்து எதையோ தேடினாள்.

உறையை வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். 2.40க்கு வந்ததும் அந்த இலக்கத்தையும் வாசித்தேன். பொலிஸ் நிலையக் கவுண்டர்ப் புத்தகத்தில் நான் வந்தது இரண்டேகால் என்று அவர்களே பதிந்திருந்தார்கள். அடைப்புப் பதிவேட்டில் இவரை அறைக்குக் கொண்டுபோனது 2.40 என்று அவர்களே பதிந்திருந்தார்கள். இரண்டு மணிக்கு முன்னமே போய்விட்ட ஒருவனின் தோள்பட்டை இலக்கத்தை இரண்டேகாலுக்கு வந்தவள் எப்படி எழுதினாள் என்று எங்கள் சொலிசிற்றர் கேட்டாள். அதற்குப் பிறகு அதிக நேரம் எடுக்கவில்லை. குற்றச்சாட்டைத் தள்ளிவிட்டார்கள்.

வெளியே வந்து ஒன்றுவிட்ட அண்ணை எல்லாருக்கும் கோப்பி வாங்கித் தந்தார். கடவுள் காப்பாற்றினார், இத்தோடு விடுவோம் என்றார். எனக்கு வந்தது கோபம். ஒருவன் சத்தியம் செய்து பொய் சொல்லி அது பொய் என்று எல்லாருக்கும் தெரிந்த பிறகும், அதே சீருடையோடு படியிறங்கிப் போகிறான். யாரும் அவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. இவர் சிறைக்குப் போகவில்லை என்பதற்காக நான் நன்றி சொல்ல வேண்டுமாம்.

முறைப்பாடு எழுதிக் கொடுத்தோம். அதை விசாரிக்க வந்தவரும் பொலிஸ்தான், வேறு பகுதியிலிருந்து வந்த பெரியவர். தேத்தண்ணி குடித்தார், பதமான பேச்சு. அசல் உறையைத் தரமுடியுமா என்று கேட்டார். பிரதியைத்தான் கொடுத்தேன். அண்ணையின் விஷயத்தில் அசலைக் கொடுத்து நாங்கள் படித்த பாடம் அது. ஒரு வருஷத்துக்கு மேல் கழித்துக் கடிதம் வந்தது. அறைக்குள் நடந்ததற்கு வேறு சாட்சி இல்லாதபடியால் நடவடிக்கை எடுக்கப் போதிய ஆதாரம் இல்லை. அடைத்த அறைக்குள் சாட்சிக்கு யாரை வைத்துக்கொண்டு அடிப்பார்கள்? அந்தக் கேள்வியைக் கடிதத்தின் அடியில் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன், இன்னும் இருக்கிறது.

இதற்கிடையில் என் கணவர் மாறிப்போனார். இதுதான் எனக்கு மிகவும் நொந்தது. கண் ஆறிவிட்டது, உதட்டில் சின்னத் தழும்பு. ஆனால் மனிதர் எதையும் கேட்பதை விட்டுவிட்டார். ஹீற்றர் வேலை செய்யாமல் இரண்டு மாதம் விறைத்தோம், வீட்டுக்காரனிடம் கேட்கமாட்டார். கைகாட்டியும் பஸ் நிற்காமல் போனால் அடுத்ததுக்கு நிற்பார். தெருவில் சீருடை தெரிந்தால் மறுபக்கம் கடப்பார், அது டிரபிக் வார்டனாக இருந்தாலும் சரி. புரட்டாதிச் சனிக்குக் கோயிலுக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். ஏன் என்று நான் கேட்டால், அதை விடும் என்பார்.

அப்போதுதான் சொலிசிற்றர் அடுத்த வழியைச் சொன்னாள். நாங்களே பொலிஸுக்கு எதிராக வழக்குப் போடலாம். அது பெரிய நீதிமன்றத்துக்குப் போகும். ஜூரி இருக்கும். அந்த உயரமானவன் வந்து கூண்டில் நின்று பதில் சொல்ல வேண்டி வரும். வருஷக்கணக்கில் இழுக்கலாம், தோற்கவும் கூடும் என்றாள். குரோய்டனிலிருந்து இன்னும் ஒரு பதிலும் வரவில்லை என்பதை அவள்தான் நினைவூட்டினாள். சட்டப்படி ஒன்றுக்கும் மற்றதற்கும் தொடர்பில்லை என்றும், ஆனால் நாங்கள் பயப்படுவதைத் தான் விளங்கிக்கொள்வதாகவும் சொன்னாள்.

ஒன்றுவிட்ட அண்ணை துள்ளிவிட்டார்.

"இருக்க இடம் தந்தவனுக்கு மேலயே வழக்கோ? நன்றி கெட்ட சனம் எண்டு சொல்லமாட்டாங்களோ?"

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்படித்தான் நாங்கள் எல்லோருமே நினைத்திருந்தோம். விருந்துக்குப் போன வீட்டில் சோற்றில் கல் கடித்தால் சத்தமில்லாமல் விழுங்குகிற மாதிரி, இந்த நாட்டில் கடித்த கல்லையெல்லாம் விழுங்கினோம். நானும் பல நாள் யோசித்தேன். அவர்கள் தந்தது என்றால் அவர்கள் நினைத்தபோது திருப்பி எடுக்கவும் முடியும். அப்படியென்றால் அது சுதந்திரம் இல்லை, இரவல். சொலிசிற்றர் வாசித்துக் காட்டின சட்டத்தில் விருந்தாளி, வீட்டுக்காரன் என்று இரண்டு வகை ஆட்கள் இருக்கவில்லை. யாரைப் பிடித்தாலும் காரணம் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தது. இதையெல்லாம் ஒன்றுவிட்ட அண்ணையிடம் சொல்லிப் பார்த்தேன். கெட்டிக்காரி, ஆனால் கெட்டித்தனம் சோறு போடாது என்றார்.

கையெழுத்து வைக்க வேண்டியது என் கணவர். பத்திரங்கள் இரண்டு கிழமை சமையலறை மேசையில் கிடந்தன. நான் அவற்றைப் பற்றிப் பேசாமல் இருக்க முயற்சித்தேன், ஆனால் பாத்திரங்களை வைக்கிற சத்தத்தில் பேசிக்கொண்டுதான் இருந்தேன். நான் உண்மையில் பயந்துபோய்த்தான் இருந்தேன். இவர் கையெழுத்து வைத்து, குரோய்டன் எங்களைத் திருப்பி அனுப்பினால், அவரை எந்த முகாம் வாசலில் தேடுவேன்? ஒரு காஸ் பில் உறையை நம்பி என் புருஷனின் உயிரைப் பணயம் வைக்கிறேனோ என்று என்னையே திட்டினேன். திட்டிவிட்டும் பத்திரங்களை எடுத்து மேசையிலிருந்து மறைக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இடியப்பம் அவிந்துகொண்டிருந்தபோது, அவர் பத்திரங்களைத் தன் பக்கம் இழுத்தார்.

"ஒண்டு கேப்பன். உண்மையைச் சொல்லும். இந்த வழக்கு எனக்காகவோ, உம்மட அண்ணைக்காகவோ?"

எவ்வளவோ நாட்களுக்குப் பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி அது. உங்களுக்காகத்தான் என்று சொல்ல வாய் திறந்தேன். அது பொய். இந்த மனிதரின் கண்ணையும் உதட்டையும் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தெரிந்தது பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்ட வேறொரு முகம். அது அவருக்கும் தெரிந்திருந்தது, அதனால்தான் கேட்டார்.

"அண்ணைக்குத்தான்" என்றேன்.

நான் எதிர்பார்த்தது கோபம். அவர் பேனையின் மூடியைக் கழற்றினார்.

"அப்ப சரி. எனக்கெண்டா நான் விட்டிருப்பன்."

மூன்று இடத்தில் கையெழுத்து வைத்தார், கச்சேரிக் கையெழுத்து, ஒவ்வொன்றின் கீழும் இரண்டு புள்ளி. வைத்துவிட்டு இடியப்பத்துக்குச் சொதி இருக்கிறதா என்று கேட்டார்.

சொலிசிற்றர் சொன்னது போலவே இழுத்தது. தொண்ணூறுகள் வந்துவிட்டன. குரோய்டன் இடையில் ஒரு கடிதம் அனுப்பி, தற்காலிகமாக இருக்கலாம் என்றது. வழக்குப் போட்டதற்காக அவர்கள் எங்களை ஒன்றும் செய்யவில்லை. அதையும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் நான் பொய் சொன்னவள் ஆவேன். வழக்கு விசாரணைக்கு எடுபட்டபோது உயரமானவன் கொஞ்சம் பருத்திருந்தான். முதுகு நோவென்று சொல்லிப் பொலிஸ் வேலையிலிருந்து விலகியும் விட்டான். சீருடை இல்லாமல் சாம்பல் நிறக் கோட்டில் வந்தான். தோளில் ஒன்றும் இல்லை.

ஒரு பின்னேரம் முழுக்க அவனைக் கூண்டில் நிற்கவைத்துக் கேட்டார்கள். எங்கள் வழக்கறிஞர் குரலை உயர்த்தவே இல்லை. எத்தனை மணிக்கு எங்கே நின்றீர்கள், யாரோடு நின்றீர்கள், அந்த மனிதர் கேட்டபோது என்ன காரணம் சொன்னீர்கள். அவன் நினைவில்லை என்றான். மறுபடி கேட்டார். நினைவில்லை என்றான். மூன்றாம் முறை நீதிபதியே கேட்டார், என்ன காரணம் சொன்னீர்கள் என்று. அவன் தண்ணீர் குடித்தான். நான் அவனுடைய தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன்மேல் எனக்கு இரக்கம் வருமோ என்று பயந்தேன். வரவில்லை. கம்பளிச் சட்டை போட்ட, பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிற மாதிரியான பன்னிரண்டு சனங்கள் ஜூரியில் இருந்தார்கள். மறுநாள் அவர்கள் எங்களுக்குச் சார்பாகத் தீர்ப்புச் சொன்னார்கள். என் கணவர் கையிரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். நான்தான் சத்தமாக அழுதேன். யாருக்காக அழுகிறேன் என்று அவர் கேட்கவில்லை.

யாரும் வேலையிழக்கவில்லை, யாரும் சிறைக்குப் போகவில்லை, ஒருவரும் எங்களிடம் மன்னிப்பும் கேட்கவில்லை. அண்ணைக்காக நான் நினைத்திருந்தது இதைவிடப் பெரிது.

அம்மா அப்போது கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார், விசாவுக்காகக் காத்துக்கொண்டு. அன்றைக்கே தொலைபேசி எடுத்தேன். லொட்ஜ்க்காரர் அவரைப் படியிறக்கிக் கூட்டிவர நேரம் எடுத்தது. நாங்கள் வென்றுவிட்டோம் என்று சொன்னேன். வென்றதைப் பற்றி அம்மா ஒன்றும் கேட்கவில்லை.

"அவனை நிக்கவைச்சுக் கேட்டவையோ?"

ஓம் அம்மா, ஒரு பின்னேரம் முழுக்க நிற்கவைத்துக் கேட்டார்கள், நீதிபதியும் கேட்டார் என்றேன். அந்தப் பக்கத்துத் தெருவில் பஸ் போகிற சத்தம் மட்டும் கேட்டது, பிறகு அதுவும் நின்றது. லைன் போய்விட்டது என்று நினைத்து, அம்மா, அம்மா என்று கூப்பிட்டேன்.

"நிக்கிறன் பிள்ளை" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அப்ப, கேக்க ஏலும்தானே."